பெயர்களைக் காத்த தாதி

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகள் எவை என்று வள்ளுவர் எண்ணிக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். மருத்துவர் வந்து பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு இரவு முழுவதும் விழித்திருந்து நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர், இந்த நான்காமவரே. அவரைத் தாதி என்றும் செவிலியர் என்றும் இன்று அழைக்கிறோம்.

தாதிமைப் பணியின் பொருளைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கிக் காட்டிய ஒருவர் நம் பேராக் மாநிலத்தில் வாழ்ந்தார். அவர்தாம் சிபில் கார்த்திகேசு. வரலாற்று நூல்கள் அவரைப் போர்க்கால வீராங்கனை என்று குறிப்பிடுகின்றன. அது உண்மையே. ஆயினும், அவர் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். அவர் கையில் இருந்தவை கத்தரிக்கோலும் கட்டுத்துணியும் மருந்துப் புட்டியுமே.

இளமையும் இல்லறமும்

சிபில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்திரா தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். தந்தை ஜோசப் டேலி, அயர்லாந்து வழிவந்த யூரேசியர், தோட்டத்துறையில் பணியாற்றியவர். தாயார் பியட்ரிஸ், பிரெஞ்சு வழிவந்த யூரேசியர், பேறுகால மருத்துவச்சி. நள்ளிரவில் யாரோ வந்து கதவைத் தட்டுவதும், தாயார் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவதும் மருத்துவச்சியின் வீட்டில் வழக்கமானவை. அத்தகைய வீட்டில் வளர்ந்த சிபிலும் தாதிமைப் பயிற்சியும் பேறுகால மருத்துவப் பயிற்சியும் பெற்றார்.

1919-ஆம் ஆண்டு கோலாலம்பூர், புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் அவருடைய திருமணம் நடந்தது. மணமகன் தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழரான மருத்துவர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. அவரே பின்னர் ஆப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று அழைக்கப்பட்டார். மணமகள் கத்தோலிக்கர், மணமகன் குடும்பத்தார் இந்துக்கள். இதனால் தொடக்கத்தில் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் இரு குடும்பத்தாரும் இசைந்தனர்.

அவர்களின் முதல் குழந்தை மைக்கல். முதல் உலகப் போரில் கலிப்பொலி போர்க்களத்தில் உயிர்நீத்த தம் அண்ணனின் பெயரையே சிபில் குழந்தைக்குச் சூட்டினார். ஆனால், அக்குழந்தை பிறந்த ஒரு நாளுக்குள்ளேயே இறந்துவிட்டது. எத்தனையோ தாய்மார்களின் கைகளில் பிள்ளைகளைத் தந்தவருக்குத் தம் முதல் பிள்ளை நிலைக்கவில்லை. பின்னர் வில்லியம் என்ற சிறுவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்தனர். ஓல்கா, டோன் என்ற இரு மகள்களும் பிறந்தனர்.

ஈப்போவில் ஒரு கிளினிக்

1926-ஆம் ஆண்டு கணவனும் மனைவியும் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தனர். புரூஸ்டர் சாலை, 141-ஆம் எண் கட்டடத்தில் கிளினிக் ஒன்றைத் தொடங்கினர். இன்று அச்சாலையின் பெயர் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை.

அக்காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் மிகப் பெரிய ஈய வயல்களுள் ஒன்றாக விளங்கியது. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் உழைத்தனர். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் பால் வெட்டினர். ஆற்றோரக் கம்பங்களில் மலாய்க்காரர்கள் பயிரிட்டனர். ஒரே ஊரில் பல மொழிகள் ஒலித்தன. ஆனால், நோய் என்று வந்தால் நோயாளிக்குத் தன் தாய்மொழிதான் வாயில் வரும். வலி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று வேற்று மொழியில் விளக்குவது யாருக்கும் எளிதன்று.

சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். அதனால் சீனப் பெண்கள் தயக்கமின்றி அவரை நாடி வந்தனர். கையில் பணமில்லாத ஏழைகளையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. நோயாளியின் மொழியைப் பேசுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை அவருடைய பணி காட்டியது.

பாப்பானில் போர்க்காலம்

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் மலாயாவுக்குள் நுழைந்தன. ஈப்போவின் மீது குண்டுகள் விழுந்தன. நகரம் ஜப்பானியர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு கார்த்திகேசு குடும்பத்தினர் பாப்பான் என்ற சிற்றூருக்குச் சென்று தங்கினர். பாப்பான், பூசிங் நகருக்கு அருகிலுள்ள பழைய ஈயச் சுரங்க ஊர். அதன் முதன்மைத் தெருவிலுள்ள 74-ஆம் எண் கடைவீடு சிபிலின் இல்லமாகவும் கிளினிக்காகவும் மாறியது.

ஜப்பானியர் ஆட்சியில் மக்கள் பட்ட துன்பம் சொல்லி மாளாது. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளை உணவாயிற்று. சத்துக் குறைவால் கால்கள் வீங்கின. புண்கள் ஆறாமல் அழுகின. மலேரியா பரவியது. மருந்தோ அரிதாகிவிட்டது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின. தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பி வரவில்லை.

இத்தகைய நாளில், பாப்பான் மக்கள் நம்பி வருவதற்கு ஒரு கதவு இருந்தது. பகலில் அந்த வீட்டின் முன்வாசலில் ஊர் மக்கள் வந்தனர். இரவில் பின்வாசல் வழியாக வேறு சிலர் வந்தனர். அவர்கள் காட்டிலிருந்து இறங்கி வந்த, ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் படையினர். குண்டு பாய்ந்த உடலோடும் காய்ச்சலோடும் அவர்கள் காய்கறித் தோட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தனர். சிபில் விளக்கொளியில் குண்டுகளை அகற்றி, காயங்களைக் கழுவிக் கட்டி, விடிவதற்குள் அவர்களை அனுப்பி வைத்தார். தேவைப்பட்டபோது கணவரும் வந்து உதவினார்.

வீட்டில் மறைத்து வைத்திருந்த வானொலிப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதற்கு ஜோசபின் என்று பெயரிட்டிருந்தனர். பி.பி.சி. செய்திகளை இரகசியமாகக் கேட்டு, போர் எத்திசையில் செல்கிறது என்பதைச் சிபில் நம்பத் தகுந்தவர்களிடம் தெரிவித்தார். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது அன்று உயிருக்கே ஆபத்தான குற்றம். என்றாலும், மருந்து இல்லாத ஊரில் நம்பிக்கை தரும் செய்தியும் ஒரு மருந்தாக இருந்தது.

தம் செயலின் விளைவு என்ன என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஒரு பெயர் வெளியே கசிந்தால் போதும். ஒரு குடும்பமே அழியும். ஆகவே, தம்மிடம் வந்தவர் யார், எங்கிருந்து வந்தார் என்பதை அவர் தம் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

சொல்லாத பெயர்கள்

1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் செய்தி கசிந்துவிட்டது. முதலில் கணவர் கைதானார். சிபிலுக்குக் காட்டிற்குள் தப்பிச் செல்லும் வாய்ப்பு இருந்தது. ஆனால், தாம் தப்பினால் குடும்பத்தாரும் பாப்பான் மக்களும் பழிவாங்கப்படுவர் என்று அவர் எண்ணினார். எனவே, வீட்டிலேயே இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கைது செய்யப்பட்டார். வில்லியமும் சிறைப்பட்டார்.

கெம்பெய்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல் படை அவரை விசாரித்தது. அவர்கள் கேட்டவை பெயர்கள். காட்டிலிருந்து வந்தவர்கள் யார்? உணவு கொடுத்தவர் யார்? வழிகாட்டியவர் யார்? பல மாதங்கள் அவர் அடிக்கப்பட்டார். பல வகையாக வதைக்கப்பட்டார். முதுகெலும்பில் விழுந்த அடிகளால் நடக்கும் ஆற்றலை இழந்தார். ஆயினும், எவருடைய பெயரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

இறுதியில், யோஷிமுரா என்ற கெம்பெய்தாய் அதிகாரி வேறொரு வழியைக் கையாண்டார். ஏறத்தாழ ஏழு வயதே ஆன மகள் டோனைக் கொண்டு வந்து, தாயின் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டச் செய்தார். எந்தத் தாய்க்கும் நேரக்கூடாத நொடி அது. ஒரு பக்கம் தாம் பெற்ற பிள்ளை. மறுபக்கம் தம்மை நம்பி வந்த நோயாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும். அப்போதும் சிபில் பெயர்களைச் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் சிறுமி கீழே இறக்கப்பட்டு உயிர் தப்பினாள்.

சிபில் செய்தது சரியா என்று நாம் இன்று அமைதியாக உட்கார்ந்து விவாதிக்கலாம். எளிதில் விடை கிடைக்காது. ஒன்று மட்டும் தெளிவு: பிறர் பிள்ளையையும் தம் பிள்ளையையும் வேறு வேறு தராசில் நிறுக்க அவர் மனம் ஒப்பவில்லை.

அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். போர் 1945-ஆம் ஆண்டு முடிவுற்ற பின்னரே அவருக்கு விடுதலை கிடைத்தது. வதைத்த அதிகாரி போர்க்குற்ற நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார்.

தாதி நோயாளியானார்

விடுதலைக்குப் பின் சிபில் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். இதுவரை பிறரைத் தூக்கி உட்கார வைத்தவர், இப்போது தம்மைத் தூக்கி உட்கார வைக்கப் பிறர் உதவியை நாடும் நிலைக்கு வந்தார். பல மாதங்கள் மருத்துவமனைகளில் கழிந்தன.

அந்த நிலையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாப்பானில் நடந்தவற்றை நினைவிலிருந்து எடுத்துக் கூறி நூலாக்கினார். அந்நூல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது. மலாயாவின் போர்க்காலத்தை அறிய விரும்புவோருக்கு அது இன்றும் முதன்மையான சான்று.

பொதுமக்களின் துணிச்சலைப் பாராட்டிப் பிரிட்டன் வழங்கும் ஜார்ஜ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரிடமிருந்து அதைப் பெற்றார். மலாயாவிலிருந்து அப்பதக்கம் பெற்ற ஒரே பெண்மணி அவரே.

ஆனால், சிறையில் பட்ட காயங்கள் அவரை விடவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டது. திரளான மக்கள் கூடி நின்று தங்கள் தாதியை வரவேற்றனர். ஈப்போ கத்தோலிக்க இடுகாட்டில் அவர் துயில்கிறார். ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியிலுள்ள ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாப்பானில் அவர் வாழ்ந்த கடைவீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது.

இன்றைய நோயாளிகள்

சிபில் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. குண்டு பாய்ந்த நோயாளிகள் இன்று பின்வாசல் வழியாக வருவதில்லை. ஆனால், பேராக்கில் வேறொரு வகை நோயாளிகள் பெருகி வருகின்றனர்.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களை மூத்த குடிமக்கள் என்கிறோம். 2030-ஆம் ஆண்டளவில் அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டுவர் என மதிப்பிடப்படுகிறது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின், தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். முதியோர் சிலர் பழைய வீட்டிலேயே தங்கினர். வேறு சிலர் ஈப்போ வட்டாரத்து முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். ஆதரவற்ற முதியோருக்காகத் தஞ்சோங் ரம்புத்தானில் அரசாங்கத்தின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லமும் உள்ளது.

முதுமையில் வரும் நோய்களுள் ஒன்று அல்சைமர். 1906-ஆம் ஆண்டு அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விளக்கினார். இது மூளையின் உயிரணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. முதலில் அண்மையில் நடந்தவை மறந்துபோகும். பிறகு நாள், இடம், உறவினர் முகம் ஆகியவை மறையும். இறுதியில் உண்ணவும் விழுங்கவும்கூடப் பிறர் உதவி வேண்டும். இதை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே, வள்ளுவர் சொன்ன நான்கனுள் நான்காமவரின் பொறுப்பே இங்கே பெரிதாகிறது.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். முதியோர் இல்லத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பாட்டி எழுந்து கதவைத் தட்டுகிறார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, உளியைக் காணோம் என்று பதறுகிறார். இளமையில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். பிற்காலத்தில் கற்ற மலாய்மொழியை நோய் அழித்துவிட்டது. சிறுவயதில் பேசிய தோட்டத்துத் தமிழ் மட்டும் எஞ்சியிருக்கிறது. பல மொழி பேசுவோருக்கு இந்நோய் வரும்போது இவ்வாறு முதல்மொழி மட்டும் நிலைத்து நிற்பதுண்டு.

தோட்டமே இப்போது இல்லை என்று அவரிடம் வாதிட்டால், பாட்டியின் கலக்கம் கூடும். அனுபவமுள்ள தாதி அப்படிச் செய்வதில்லை. பாட்டியின் கண்ணுக்கு நேராக வந்து அமர்வார். பெயரைச் சொல்லி அழைப்பார். எத்தனை மரம் வெட்டுவீர்கள், மங்கு நிறையப் பால் வடியுமா என்று கேட்பார். சூடான கோப்பி ஒன்று கொடுப்பார். பேச்சு வளர வளரப் பாட்டியின் பதற்றம் தணியும். தினமும் ஒரே நேரத்தில் உணவு, பழகிய முகம், பழைய நிழற்படம், கேட்டு மகிழ்ந்த பாட்டு ஆகியவை இந்நோயாளிகளுக்கு மருந்துக்கு நிகரான துணை செய்கின்றன.

இப்பணியில் நன்றியை எதிர்பார்க்க இயலாது. இன்று ஊட்டிவிட்டவர் யார் என்பதை நோயாளி நாளை மறந்துவிடுவார். சில வேளைகளில் அச்சத்தால் கையைத் தட்டிவிடவும் செய்வார். என்றாலும், தாதி மறுநாளும் வருகிறார். மறுநாளும் பெயர் சொல்லி அழைக்கிறார்.

சிபில் கார்த்திகேசு நோயாளிகளின் பெயர்களைப் பகைவரிடமிருந்து காத்தார். இன்றைய தாதி, நோயாளியே மறந்துவிட்ட பெயரை அவருக்காகக் காத்து வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே பணிதான். படுக்கையில் கிடப்பவர் நமக்கு எதையும் திருப்பித் தர முடியாதவராக இருக்கலாம். எனினும், அவர் ஒரு மனிதர் என்பதை ஒருபோதும் மறவாமையே தாதிமை.

மாணவர்களே, நீங்கள் அனைவரும் தாதியராகப் போவதில்லை. ஆனால், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்பார். பத்தாவது முறையும் முகம் சுளிக்காமல், அவருக்குப் புரியும் தமிழில் விடை சொல்ல உங்களால் முடியும். நீங்கள் கற்கும் இந்த மொழி, ஒருநாள் ஒரு முதியவரிடம் எஞ்சியிருக்கும் ஒரே மொழியாக இருக்கக்கூடும்.

சிந்திப்போம்

1. காட்டிற்குள் தப்பிச் செல்லும் வாய்ப்பு இருந்தும் சிபில் கார்த்திகேசு ஏன் செல்லவில்லை?
2. நோயாளியின் மொழியைப் பேசுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதைப் பனுவலிலுள்ள இரு சான்றுகளுடன் விளக்குக.
3. சிபில் பெயர்களைச் சொல்ல மறுத்ததும், இன்றைய தாதி முதியவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் எவ்வகையில் ஒரே பணியாகின்றன?
4. உங்கள் குடும்பத்திலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால வேலையைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.